“பிறவிக் குணம்” என்று முடிவு கட்டும் முன்: பணியிட நடத்தையில் இயல்பின் பங்கையும் சூழலின் பங்கையும் பிரித்தறியும் வழி

ஓர் ஊழியர் அடிக்கடி தாமதமாக வருகிறார், அல்லது கூட்டங்களில் வாயே திறப்பதில்லை, அல்லது சிறு திருத்தம் சொன்னாலும் சீறுகிறார் என்றால், அவரைப் பற்றிய மேற்பார்வையாளர்களின் பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: “அது அவர் பிறவிக் குணம், மாற்ற முடியாது.” இதற்கு எதிர்த்திசையில் செல்லும் வாக்கியமும் உண்டு: “ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பினால் சரியாகிவிடுவார்.” முதலாவது ஒரு மனிதரைக் கைகழுவுகிறது, இரண்டாவது பிரச்சினையைப் பயிற்சியாளரின் பொறுப்பில் விட்டுவிடுகிறது. இரண்டையும் சொல்பவர்கள் அந்த ஊழியர் எந்த நிலைமையில் வேலை செய்கிறார் என்று அருகில் சென்று பார்த்திருப்பதில்லை.

ஷிப்ட் மேற்பார்வையாளர்கள், பிரிவு அலுவலர்கள், டீம் லீடர்கள், தலைமையாசிரியர்கள் என, பிறருடைய வேலைப் பகிர்வையும் பணிமதிப்பீட்டையும் கையில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் ஒரு வரிக் குறிப்பு ஒருவருடைய பதவி உயர்வைத் தடுத்துவிடக்கூடும். அதனால், எது அந்த மனிதரோடு வந்தது, எது அந்த இடம் அவருக்குள் உண்டாக்கியது என்பதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கும் கடமை உங்களுக்கு இருக்கிறது.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

இயல்பின் பங்கு உண்மையானது என்பதில் ஐயம் வேண்டாம். ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த 2,748 இரட்டையர் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015இல் வெளியிடப்பட்ட பகுப்பாய்வு ஒன்று, உடல், நோய், மனம், நடத்தை ஆகியவை சார்ந்த 17,804 பண்புகளை எடுத்துக்கொண்டது. அவற்றில் மனிதர்களிடையே காணப்படும் வேறுபாட்டில் சராசரியாக 49 விழுக்காடு மரபணு வேறுபாடுகளோடு தொடர்புடையது என்பது அதன் முடிவு. வேலையோடு நேரடியாகத் தொடர்புடைய ஆய்வும் உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தாமஸ் புஷார்ட் 1979இல் தொடங்கிய ஆய்வில், பிறந்த சிறிது காலத்திலேயே பிரிக்கப்பட்டு வெவ்வேறு குடும்பங்களில் வளர்ந்த இரட்டையர்கள் பங்கேற்றனர். அவர்களில் ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த 34 இணைகளை வைத்து 1989இல் வெளியான கட்டுரை, வேலையில் கிடைக்கும் மனநிறைவில் காணப்படும் வேறுபாட்டில்கூட ஏறத்தாழ 30 விழுக்காடு மரபுவழி வருவதாகக் கணித்தது.

இந்த எண்களைத் தவறாகப் படிப்பதிலிருந்துதான் பெரும்பாலான அநீதிகள் தொடங்குகின்றன. 49 விழுக்காடு என்றால் உங்கள் எதிரே அமர்ந்திருப்பவரின் குணத்தில் பாதி பிறப்பிலும் பாதி வளர்ப்பிலும் வந்தது என்று பொருளல்ல. ஒரு கூட்டத்தில் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் ஏன் வேறுபடுகிறார்கள் என்பதை மட்டுமே அந்த எண் பேசுகிறது. தனி மனிதர் ஒருவரைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல முடியாது.

மரபுவழிப் பங்கு அதிகம் என்றால் மாறாதது என்றும் பொருளல்ல. உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தலைமுறையில் மனிதர்களிடையே உள்ள உயர வேறுபாட்டில் 80 விழுக்காடு அளவுக்கு மரபுவழி வருவது. ஆனால் தென் கொரியாவில் 1896இல் பிறந்த பெண்களைக் காட்டிலும் 1996இல் பிறந்த பெண்கள் சராசரியாகச் சுமார் 20 செ.மீ. உயரமாக வளர்ந்தார்கள். நூறு ஆண்டுகளில் அந்த மக்களின் மரபணு அவ்வளவு மாறிவிடவில்லை. உணவும் மருத்துவமும் வாழ்க்கை நிலையும் மாறின.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாடு மரபுவழிப்பட்டது என்பதால், இரண்டு கூட்டங்களுக்கு இடையிலான வேறுபாடும் மரபுவழிப்பட்டது என்று ஆகிவிடாது. ஒரே விதைமூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளி, ஒன்றை நல்ல மண்ணிலும் மற்றொன்றைச் சாரமற்ற மண்ணிலும் விதைத்தால், ஒவ்வொரு பாத்திக்குள்ளும் தெரியும் உயர வேறுபாடு விதையால் வந்தது. இரண்டு பாத்திகளுக்கு இடையிலான வேறுபாடு முழுவதும் மண்ணால் வந்தது. மரபியலாளர் ரிச்சர்ட் லெவன்டின் தந்த விளக்கம் இது. நம் நாட்டில் இதை மறப்பதன் விலை அதிகம். “அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் அப்படித்தான்”, “அந்த ஊர்க்காரர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது” என்று சொல்பவர் அறிவியல் பேசவில்லை. சாதியைப் பிறவிக் குணம் என்ற பெயரில் பேசுகிறார். அத்தகைய சொற்கள் உங்கள் அலுவலகத்தின் எந்தக் கோப்பிலும் இடம்பெற அனுமதிக்காதீர்கள்.

ஃப்ரீமான்ட் தொழிற்சாலை

சூழல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று, கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலை. 1982இல் அது மூடப்பட்டபோது அந்த நிறுவனத்தின் மிக மோசமான ஆலைகளில் ஒன்றாகக் கருதப்பட்டது. எந்த நாளிலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வருவதில்லை. வேலை நேரத்தில் மது அருந்துவதும், வேண்டுமென்றே வண்டிகளைப் பழுதாக்குவதும், அறிவிப்பின்றி வேலையை நிறுத்துவதும் நடந்தன. அன்று அங்கே ஒரு மேற்பார்வையாளரைக் கேட்டிருந்தால், இந்த ஆட்களை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது என்றுதான் சொல்லியிருப்பார்.

1984இல் அதே கட்டடம், டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து நடத்திய நும்மி என்ற கூட்டு நிறுவனமாகத் திறக்கப்பட்டது. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் மூடப்பட்ட ஆலையின் பழைய தொழிலாளர்கள். அதே தொழிற்சங்கமே அவர்களுக்காகப் பேசியது. அன்றாட நிர்வாகம் டொயோட்டாவின் கையில் இருந்தது. சில ஆண்டுகளுக்குள், வராதவர்களின் விகிதம் இரண்டு மூன்று விழுக்காடாகக் குறைந்தது. அங்கே செய்யப்பட்ட கார்களின் தரம் ஜப்பானில் உள்ள டொயோட்டா ஆலையின் தரத்தை நெருங்கியது.

மாறியது எது என்பதைக் கவனித்தால்தான் இந்த நிகழ்வு உங்களுக்குப் பயன்படும். பழைய ஆலையில் என்ன ஆனாலும் உற்பத்தி வரிசை நிற்கக் கூடாது. தவறைக் கண்டவர் சொன்னாலும் வண்டி நகர்ந்துவிடும். புதிய ஏற்பாட்டில் ஒவ்வொரு தொழிலாளியின் கைக்கு எட்டும் தூரத்திலும் ஒரு கயிறு தொங்கியது. சிக்கல் என்றால் அதை இழுக்கலாம், குழுத்தலைவர் ஓடி வருவார், தீரவில்லையென்றால் வரிசையே நிற்கும். முதல்முறை கயிற்றை இழுத்தவரைத் திட்டாமல் அவருக்கு உதவ ஆள் வந்தது என்ற ஒரு காட்சி, நூறு உரைகள் செய்யாததைச் செய்திருக்கும் என்று நான் நம்புகிறேன். பல பத்து வகைகளாகப் பிரிந்திருந்த பணிப்பெயர்கள் சிலவாகச் சுருங்கின. குழுத்தலைவர்கள் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டு, அந்த வேலையை உண்மையான ஆலையில் செய்து கற்றார்கள். 1988 வாக்கில் விற்பனை சரிந்தபோது யாரையும் வீட்டுக்கு அனுப்பாமல், மிகுந்த நேரத்தைப் பயிற்சிக்கும் வேலைமுறையைச் செம்மைப்படுத்தவும் பயன்படுத்தினார்கள். வாக்குறுதி காப்பாற்றப்பட்டதைத் தொழிலாளர்கள் நேரில் கண்டார்கள்.

நேர்மையாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். திரும்ப வந்தவர்கள் இரண்டு ஆண்டு வேலையின்மையைக் கண்டவர்கள்; விண்ணப்பித்துத் தேர்வானவர்கள். அதனால் மாற்றம் முழுவதையும் நிர்வாக முறையின் கணக்கில் எழுதிவிட முடியாது. இருந்தாலும், 1982இல் “பிறவிக் குணம்” என்று கருதப்பட்டதில் பெரும்பகுதி அந்த ஆலை வளர்த்த குணம் என்பது உறுதியாகிறது.

முதற்படி: குணத்தை எழுதாதீர்கள், செயலை எழுதுங்கள்

“சோம்பேறி”, “பொறுப்பில்லாதவர்”, “முன்கோபி” ஆகிய சொற்கள் ஏற்கெனவே தீர்ப்புகள். அவற்றை வைத்துக்கொண்டு காரணத்தைத் தேட முடியாது. ஒரு தாளில் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: “கடந்த ஆறு வாரங்களில் மாத இறுதி அறிக்கையை இரண்டு முறை ஒரு நாள் தாமதமாகத் தந்தார், வார அறிக்கைகள் ஆறும் நேரத்தில் வந்தன.” இப்படி எழுதிய உடனே கேள்வி மாறிவிடுவதைப் பார்ப்பீர்கள். சோம்பேறி என்றால் வார அறிக்கைகளும் தாமதமாகியிருக்க வேண்டும். மாத இறுதி அறிக்கையில் மட்டும் என்ன இருக்கிறது? வேறு பிரிவிலிருந்து வரவேண்டிய தரவு அவருக்கு எப்போது கிடைக்கிறது? குறைந்தது நான்கு வாரக் குறிப்பு இல்லாமல் அடுத்த படிக்குச் செல்ல வேண்டாம்.

இரண்டாம் படி: மூன்று ஒப்பீடுகள்

உளவியலாளர் ஹெரால்ட் கெல்லி 1967இல் முன்வைத்த ஒரு சிந்தனைமுறை இங்கே நேரடியாகப் பயன்படும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் கைக்கொள்வதானால் இதைக் கைக்கொள்ளுங்கள்.

முதலில், அதே இடத்தில் இருக்கும் மற்றவர்களும் அப்படி நடக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு கவுன்டரில் அமரும் யாரும் மாலை நான்கு மணிக்குமேல் பொதுமக்களிடம் எரிந்து விழுகிறார்கள் என்றால், ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை; அந்த கவுன்டரின் வரிசை நீளத்தையும் இடைவேளை நேரத்தையும் பாருங்கள். அடுத்து, அதே மனிதர் வேறு இடத்தில், வேறு மேலதிகாரியிடம், வேறு வேலையில் எப்படி இருக்கிறார் என்று விசாரியுங்கள். கூட்டத்தில் பேசாதவர் தேநீர்க்கடையில் நான்கு பேரிடம் அதே சிக்கலைத் தெளிவாக விளக்குகிறார் என்றால், பேச்சு அவரிடம் இருக்கிறது. கூட்டத்தில்தான் ஏதோ அதை அடைக்கிறது. மூன்றாவதாக, இது எப்போதிலிருந்து என்று கேளுங்கள். பத்து ஆண்டுகளாக ஒரே மாதிரி இருப்பவரையும், கடந்த மார்ச் முதல் மாறியவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. புதிய அதிகாரி வந்தது, இடமாற்றம், வீட்டில் நோயாளி, கடன் என்று மார்ச் மாதத்துக்கு ஒரு காரணம் இருக்கும்.

பல இடங்களில், பல ஆண்டுகளாக, சக ஊழியர்களிடமிருந்து வேறுபட்டு ஒருவர் ஒரே மாதிரி நடக்கிறார் என்றால் மட்டுமே இயல்பு என்ற சொல்லை எடுக்கலாம். அப்போதும் பென்சில் எழுத்தாகவே எழுதுங்கள்.

எண்களை வைத்து மதிப்பிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தரக்கட்டுப்பாட்டு அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் தம் வகுப்புகளில் ஒரு சோதனை நடத்துவார். 3,200 வெள்ளை மணிகளும் 800 சிவப்பு மணிகளும் கலந்த பெட்டியில், 50 குழிகள் கொண்ட துடுப்பால் பங்கேற்பாளர்கள் மணிகளை அள்ள வேண்டும். சிவப்பு மணி குறைபாடாகக் கருதப்படும். ஒருவருக்கு ஏழு சிவப்பு வரும், இன்னொருவருக்குப் பதினான்கு. டெமிங் முதலாமவரைப் பாராட்டுவார், இரண்டாமவரைக் கண்டிப்பார். அடுத்த சுற்றில் நிலை தலைகீழாகும். திறமைக்கு அங்கே இடமே இல்லை, எல்லாமே பெட்டியில் இருந்த கலவைதான். உங்கள் மாதாந்திரப் பட்டியலில் கடைசியில் இருப்பவர் அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் கடைசியில் இருக்கிறாரா என்று பார்த்த பிறகே அவரை அழைத்துப் பேசுங்கள்.

மூன்றாம் படி: ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்

சூழலின் பங்கை அறிய மிகச் சிறந்த வழி, சூழலை மாற்றிப் பார்ப்பதுதான். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஆகவே ஒன்றை மட்டும், ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு மாற்றுங்கள். என்ன மாற்றுகிறீர்கள், ஏன் மாற்றுகிறீர்கள் என்று அந்த ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்தால் அவர் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்வார்.

மாற்றத் தக்கவை நீங்கள் நினைப்பதைவிடச் சிறியவையாக இருக்கலாம். இருக்கையே ஒன்று. அமெரிக்க சூப்பர்மார்க்கெட் காசாளர்களைப் பற்றி அலெக்சாண்டர் மாஸும் என்ரிக்கோ மொரெட்டியும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், வேகமாக வேலை செய்யும் ஒருவர் ஷிப்டுக்கு வந்தால் மற்றவர்களின் வேகமும் கூடியது. அதிலும், அந்த வேகக்காரரின் பார்வை யார் மீது படுகிறதோ அவர்களின் வேகமே கூடியது. அவரைத் தாங்கள் பார்க்கும் நிலையில் இருந்தவர்களிடம் அப்படி மாற்றமில்லை. பிறர் செய்வதைப் பார்த்துக் கற்பதைவிட, தம்மை ஒருவர் பார்க்கிறார் என்ற உணர்வு அங்கே வேலை செய்திருக்கிறது.

தவறுகளை நீங்கள் எதிர்கொள்ளும் விதம் இன்னொன்று. மருத்துவமனைச் செவிலியர் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்து ஏமி எட்மண்ட்சன் 1996இல் வெளியிட்ட கட்டுரையில், நல்ல தலைமை கொண்ட குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்ததாக அதற்குப் பொருளல்ல, செய்ததை அச்சமின்றிச் சொன்னார்கள் என்பதே அவரது விளக்கம். உங்கள் பிரிவில் ஒருவர் “உண்மையை மறைப்பவர்” என்று பெயர் வாங்கியிருந்தால், அங்கே உண்மையைச் சொன்ன கடைசி மனிதருக்கு என்ன நேர்ந்தது என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள்.

மாற்ற வேண்டியது நீங்களாகவும் இருக்கலாம். இஸ்ரேலிய இராணுவப் பயிற்சியில் டோவ் ஈடனும் அவருடைய சக ஆய்வாளரும் நடத்தி 1982இல் வெளியிட்ட சோதனையில், 105 பயிற்சியாளர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் எடுத்து, “இவர்கள் தலைமைத் திறன் மிக்கவர்கள்” என்று பயிற்றுநர்களிடம் சொன்னார்கள். உண்மையில் எந்த வேறுபாடும் இல்லை. பயிற்சி முடிவில் அவர்களே சிறந்த மதிப்பெண் பெற்றார்கள். ஒருவரை “இவர் தேறமாட்டார்” என்று நீங்கள் மனத்துக்குள் முடிவுசெய்த நாளிலிருந்து, அவருக்குக் கடினமான வேலையைத் தருவதும், பிழையை உட்கார்ந்து விளக்குவதும், மதிய உணவில் பேச்சுக்கொடுப்பதும் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால், எட்டு வாரங்களுக்கு அதை மீட்டுத் தருவதே உங்கள் முதல் சோதனை.

இயல்புதான் என்று தெரியும்போது

இவ்வளவுக்கும் பிறகு சில குணங்கள் அப்படியே நிற்கும். விடியற்காலையில் மூளை விழிக்காதவர்கள் இருக்கிறார்கள். காலை மனிதரா இரவு மனிதரா என்பதில் மரபணுவின் பங்கு இருப்பது ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. கூட்டம் சேரச் சேரக் களைத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களைத் திருத்த முயல்வதில் இரு தரப்பும் தேய்ந்துபோவதே மிச்சம். அவர்களுக்குப் பொருந்தும் வேலையை எடுத்துக் கொடுங்கள்: ஷிப்டை மாற்றிக்கொடுக்கலாம்; கூட்டத்துக்கு முந்தைய நாளே பேசுபொருளைக் கொடுத்து, கருத்தை எழுத்தில் பெறலாம்; தனியாக அமர்ந்து சரிபார்க்கும் பணியைத் தரலாம்.

இயல்பு என்பதற்காகக் காலம் முழுவதும் அப்படியே இருப்பார் என்றும் எண்ண வேண்டாம். “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா” என்ற பழமொழியை நம்மவர்கள் சட்டம்போல எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே மனிதர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த 92 ஆய்வுக்குழுக்களின் தரவை ஒன்றுசேர்த்த பிரென்ட் ராபர்ட்ஸ் குழுவினரின் 2006ஆம் ஆண்டுப் பகுப்பாய்வில், பொறுப்புணர்வும் மன நிதானமும் முக்கியமாக இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடையில் கூடுவது தெரிந்தது. இருபத்திரண்டு வயதில் சேர்ந்த ஒருவரைப் பற்றி அன்று எழுதிய குறிப்பை, முப்பது வயதில் அவரைப் பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கும்போது ஆதாரமாக வைக்காதீர்கள்.

இயல்பு எதற்கும் விலக்கு அளிப்பதில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. சினம் ஒருவருடைய சுபாவமாகவே இருக்கலாம். கீழே உள்ளவர்களை இழிவாகப் பேசுவது அதனால் ஏற்கத்தக்கதாகிவிடாது. பெண் ஊழியரிடம் அத்துமீறுவது, கையூட்டு, பாதுகாப்பு விதியை மீறுவது ஆகியவற்றுக்கு இங்கே சொன்ன எட்டு வாரச் சோதனை எதுவும் பொருந்தாது. அவற்றை உரிய குழுவிடமும் சட்டத்திடமும் உடனே ஒப்படைக்க வேண்டும்.

பேசுவதும் எழுதுவதும்

கண்டறிந்ததை அந்த ஊழியரிடம் தனியாக, உட்கார்ந்து பேசுங்கள். “நீங்கள் ஏன் இப்படி இருக்கிறீர்கள்?” என்று தொடங்கினால் அவர் தம்மைக் காத்துக்கொள்வதில்தான் கவனம் செலுத்துவார். “மாத அறிக்கை இரண்டு முறை தாமதமாகியிருக்கிறது, வார அறிக்கைகள் சரியாக வருகின்றன. மாத அறிக்கையில் உங்களுக்கு எங்கே தடை ஏற்படுகிறது, அண்ணே?” என்று ஒரு மூத்த ஊழியரிடம் அவருக்குரிய மரியாதையோடு கேட்டுப் பாருங்கள். பல நேரங்களில், நீங்கள் ஒருபோதும் ஊகித்திராத ஒரு காரணம் வெளியே வரும்.

பணிமதிப்பீட்டுப் படிவத்தில் மூன்று செய்திகள் சேர்ந்தே இருக்கட்டும்: நடந்த செயல், அது நடந்த நிலைமை, நீங்கள் மாற்றிப் பார்த்தது. “குழுவோடு ஒத்துப்போகாதவர்” என்ற இரண்டு சொற்களுக்குப் பதிலாக, “இரவு ஷிப்டில் இருந்த ஐந்து மாதங்களில் சக ஊழியர்களோடு மூன்று முறை வாக்குவாதம் ஏற்பட்டது, பகல் ஷிப்டுக்கு மாற்றிய பின்னர் இரண்டு மாதங்களாக எதுவும் இல்லை” என்று எழுதுங்கள். உங்களுக்குப் பின் அந்த நாற்காலிக்கு வருபவர், அந்த ஊழியரை மீண்டும் இரவு ஷிப்டுக்கு அனுப்புவதற்கு முன் படிக்கப்போவது அந்த வரியைத்தான்.